கடிகாரம் வைக்காத கம்ப்யூட்டர்

பிரேமுக்கு உலகத்தில் இரண்டே பயம். ஒன்று மலைப்பாதை. மற்றொன்று, அருணா மேடம் பேசாமல் இருப்பது. அன்றைக்கு இரண்டும் ஒன்றாக வரப்போகின்றன என்று தெரிந்திருந்தால் காலையில் நான்கு இட்லியோடு நிறுத்தியிருப்பான். ஏழு சாப்பிட்டிருந்தான்.

பகல் பதினொன்றேகால் மணி. சேந்தமங்கலம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது அந்தக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. உள்ளே மூன்று பேர் நின்றால் நான்காவது ஆள் வாசலில்தான் நிற்க வேண்டும். கடைக்காரர் மாதேஸ்வரனைக் காணாமல் ஒன்பது நாள் ஆகிவிட்டது. அவர் மனைவி கோகிலா நாமக்கல்லுக்கு வந்து, அருணா மேடத்தின் துப்பறியும் அலுவலகத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அழுதிருந்தாள். அதனால்தான் மேடமும் அவருடைய உதவியாளனான பிரேமும் இங்கே வந்திருந்தார்கள்.

"'பெங்களூர்ல வேலை கெடச்சிருக்கு, தேட வேண்டாம் கோகிலா'ன்னு ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சுங்க" என்றாள் கோகிலா. "குரல் அவரோடதுதான். ஆனா கல்யாணம் ஆகிப் பன்னெண்டு வருசத்துல அவரு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லீங்க. கண்ணுன்னுதான் கூப்பிடுவாரு. இதைப் போலீஸ்ல சொன்னா, 'புருஷன் பொண்டாட்டிக்குள்ள சண்டையாம்மா?'ன்னு திருப்பிக் கேக்கறாங்க."

பிரேம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதினான். அவன் வேலையில் சேர்ந்த அன்றைக்கு மேடம் போட்ட ஒரே சட்டம் அது. "யார் எதைச் சொன்னாலும், எதைப் பார்த்தாலும் அப்படியே எழுது. நடுவுல உன் மூளையைக் கொண்டு வராதே." "இல்லாததை எப்படி மேடம் கொண்டு வர்றது?" என்று அவன் அன்றைக்கே பதில் சொல்லிவிட்டான்.

சுவரில் மாதேஸ்வரன் கைப்பட எழுதிய அட்டை ஒன்று தொங்கியது. 'வேலை முடிந்த கம்ப்யூட்டரில் தேதி, மணி வைத்துத் தரப்பட மாட்டாது. வீட்டுக்குக் கொண்டுபோய் நல்ல நேரம் பார்த்து நீங்களே வைத்துக்கொள்ளவும்.'

"என்னங்க இது? கடிகாரத்துக்குக் கிரகப்பிரவேசமா?" என்றான் பிரேம்.

அழுத கண்ணோடு கோகிலா லேசாகச் சிரித்தாள். "எங்க மாமனார் ஊட்டுப் பழக்கமுங்க. மேல கொல்லிமலையில வளப்பூர் நாட்டு ஊருங்க அவங்களுக்கு. மோட்டாரோ மாவு மிஷினோ, புதுசா வந்தா அதுக்குச் சொந்தக்காரங்கதான் மொதல்ல தொடங்கி வெக்கணும். கம்ப்யூட்டர்ல மொதல்ல ஓடறது கடிகாரந்தானுங்களே? அதனால அதை மட்டும் இவரு தொட மாட்டாரு. அது ஒரு ஜனவரி ஒண்ணாம் தேதி, நடுராத்திரி பன்னெண்டு மணியில இருந்து தானா ஓட ஆரம்பிக்கும். வாங்கிட்டுப் போறவங்க சரி பண்ணிக்குவாங்க."

அப்போது வாசலில் ஒரு நிழல் விழுந்தது. வெள்ளைச் சட்டையும் விபூதியுமாக, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவன் கம்ப்யூட்டர் பெட்டியைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு நின்றான்.

"ஏனுங்க அக்கா, கொஞ்சம் பாருங்களேன். எம் பேரு முரளி, டியூஷன் சென்டர் நடத்தறேன். இதைப் பதினஞ்சு நாளைக்கு முன்னாடி வாங்கினேன். தெனமும் பசங்க இதுலதான் படிக்கறாங்க. ஆன் பண்ணினா என்னமோ ஒரு படம் வந்துட்டுப் போகுது. வைரஸா இருக்குமோன்னு பயமா இருக்குதுங்க."

கோகிலா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒயர்களை மாட்டி ஸ்விட்சைப் போட்டாள்.

திரை கறுப்பாக இருந்தது. பிறகு, கம்பெனிச் சின்னம் வர வேண்டிய இடத்தில் ஒரு படம் வந்தது. கட்டம் கட்டமாக, குழந்தை வரைந்த மாதிரி. நெட்டையாக ஒரு மரம். மரத்தில் சுற்றி ஏறும் ஒரு கொடி. அடிமரத்தில் இரண்டு வெள்ளைப் பட்டைகள், நடுவில் 318 என்ற எண். இரண்டு விநாடிதான், மறைந்துவிட்டது. அடுத்து, செட்டிங்ஸைச் சரிபார்க்க எஃப் ஒன் பட்டனை அழுத்தச் சொல்லி ஒரு வரி வந்தது. பழக்க தோஷத்தில் கோகிலா அதை அழுத்தினாள். நீலப் பக்கம் ஒன்று விரிந்தது. அதன் மேல்மூலையில் தேதியும் மணியும். அதையும் எழுதிக்கொண்டான் பிரேம். சட்டம் சட்டம்தானே.

கோகிலா சட்டென்று கம்ப்யூட்டரை அணைத்தாள். பக்கத் தகட்டைக் கழற்றினாள். மின்விசிறியை எடுத்தாள். பிராசசரை நகத்தால் மெல்லத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள். அதன் அடிப்பக்கத்துப் புள்ளிகளில் சிலவற்றின் மேல் கடுகளவு மஞ்சள் டேப் ஒட்டியிருந்தது.

"இது அவரு செஞ்ச வேலைங்க" என்றாள். "மேடம், இது அவரு செஞ்சதுதான்!"

"நிதானமா சொல்லும்மா" என்றார் அருணா.

"இந்த போர்டு எட்டு வருசத்துக்கு முந்துனதுங்க. பிராசசர் அதுக்கப்புறம் வந்த புதுசு. ரெண்டும் சேரவே சேராது. போர்டுல பயாஸ்னு ஒரு சிப்பு இருக்குதுங்க. கரண்டு வந்ததும் போர்டு மொதல்ல அதைத்தான் படிக்கும். எந்தெந்தப் பிராசசரை உள்ள விடலாம்ங்கற லிஸ்டு அதுலதான் இருக்கும். லிஸ்டுல பேரு இல்லீன்னா..."

"கல்யாண மண்டபத்து வாசல்ல நிறுத்தி, நீ மாப்பிள்ளை வீடா பொண்ணு வீடான்னு கேக்கற மாதிரி" என்றான் பிரேம்.

"அதேதானுங்க. எங்க ஊட்டுக்காரரு அந்தச் சிப்புல கிளிப் மாட்டி, உள்ள இருக்கறதை லேப்டாப்புல எறக்கி, புதுப் பேரை எழுதித் திருப்பி ஏத்திருவாரு. ஒத்துவராத புள்ளியெல்லாம் இப்படி டேப் ஒட்டி மூடிருவாரு. ஏத்தறப்ப பாதியில கரண்டு போச்சுன்னா போர்டு செத்துரும். அதனால கரண்டு போகாம நிலையா இருக்கற நேரம் பார்த்து விடியக்காலையிலதான் செய்வாரு. அப்படியே அந்த மொதல் படத்தையும் மாத்தலாம். இந்தச் சுத்துப்பட்டுல இதைச் செய்யறதுக்கு அவரை விட்டா ஆளே இல்லீங்க."

முரளி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். "அடக் கடவுளே! காணாமப் போனவரு அனுப்பின சேதியா இது? எனக்கு வித்தவன் யாருன்னே தெரியலையேக்கா, ரோட்டோரமா வேன்ல வெச்சு வித்தானுங்க."

அருணா மேடம் நெற்றியைச் சுருக்கினார். சட்டென்று கையைத் தட்டினார். "புரிஞ்சுபோச்சு! முன்னூத்திப் பதினெட்டுங்கறது சர்வே நம்பர். மரமும் கொடியும் தோட்டம். ரெண்டு பட்டைன்னா ரெண்டு எல்லை. கொல்லிமலை குண்டனி நாட்டுல 318ஆம் சர்வே நம்பர்ல இருக்கற தோட்டத்துலதான் அவரை வெச்சிருக்காங்க."

கோகிலா நிமிர்ந்தாள். "இல்லீங்க மேடம், அது..."

மேடம் அவள் கையைப் பிடித்து அழுத்தினார். வளையல்கள் சலசலத்தன. "அழாதேம்மா. நீ கடையிலேயே இரு. நாங்க போய்ப் பார்த்துக்கறோம்."

"நானே கூட்டிட்டுப் போறேனுங்க மேடம்" என்றான் முரளி. "எப்படியும் மேல செம்மேட்டுக்குத்தான் போறேன், இன்னொரு சென்டருக்கு இடம் பார்க்க. வழியில குண்டனியில விட்டுடறேன். ஒரு உயிர் பாருங்க."

பிரேமுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனுஷன்!

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார் மேடம். "நீங்க பெட்டியை ஏத்தி வண்டியை எடுத்துட்டு வாங்க. பிரேம், நீ போய் எலுமிச்சம்பழம் வாங்கிக்கோ. மலையில உனக்குத் தேவைப்படும்."

அவன் இரண்டு எலுமிச்சம்பழத்தோடு திரும்பியபோது, மேடமும் கோகிலாவும் கடையின் உள்மூலையில் குனிந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். அவனைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார்கள்.

மலையடிவாரத்தில் காரவள்ளி டீக்கடை முன்னால் ஜீப்பை நிறுத்தச் சொன்னார் மேடம். ஒரு டீ குடித்தார். பிறகு இன்னொன்று. அப்புறம், "சர்க்கரை கம்மியா" என்று மூன்றாவது. ஒரு உயிர் ஆபத்தில் இருக்கும்போது இந்த அம்மாவுக்கு என்ன இப்படி ஒரு டீ தாகம் என்று பிரேமுக்கு எரிச்சலாக வந்தது.

முரளி சற்றுத் தள்ளி நின்று போனில் பேசினான். காற்று இந்தப் பக்கம் வீசியதால் பிரேமின் காதிலும் விழுந்தது. "ஒண்ணும் பிரச்சினை இல்லடா ராசு. ரெண்டு மணிக்குள்ள கூப்பிடறேன். கூப்பிடலீன்னா சொன்ன மாதிரி முடிச்சிரு."

இடம் வாங்குற விஷயமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். எழுதியும் வைத்தான்.

வளப்பூர் நாட்டுக்குப் போகும் பஸ் நிறைய ஆட்களோடு உறுமிக்கொண்டு அவர்களைக் கடந்து மலையேறியது. மேடம் பாதி டீயை அப்படியே கீழே வைத்தார்.

"போலாம்."

கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை நிற்கும். முன்னால் அந்த பஸ் ஆமை மாதிரி ஏறிக்கொண்டிருந்தது. வளைவில் அது திரும்பும்போது முழுச் சாலையையும் அடைத்துக்கொள்ளும். தடுப்புச் சுவர்மேல் உட்கார்ந்திருந்த குரங்குகள்கூட அதற்கு வழிவிட்டுத்தான் நகர்ந்தன.

வாந்தி வரும் என்பதால் பிரேமை முன்சீட்டில் உட்கார வைத்திருந்தார்கள். பின்னால் கம்ப்யூட்டர் பெட்டியோடு மேடம். பத்தாவது வளைவில் பிரேம் முதல் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தான். இருபதில் அதைக் கடித்தான்.

"தம்பிக்கு மலை ஒத்துக்காதுங்களா?" என்றான் முரளி.

"மலைக்கு நான் ஒத்துக்கலைங்க. எனக்கு அது மேல ஒரு வருத்தமும் இல்ல."

முரளி சிரித்தான். "ஊட்டுக்குப் பேசறதுன்னா இப்பவே பேசிக்கோங்க தம்பி. முப்பதாவது வளைவு தாண்டினா போன் செத்துரும். அப்புறம் அறுபத்தஞ்சுலதான் உயிர் வரும்."

நாற்பத்தொன்றாவது வளைவு. காற்று குளிர்ந்தது. சாலையோரத் தோப்புகளில் நெட்டை நெட்டையாகச் சில்வர் ஓக் மரங்கள். ஒவ்வொரு மரத்திலும் மிளகுக்கொடி சுற்றி ஏறியிருந்தது. வயிற்றை மறக்க பிரேம் அவற்றையே வெறித்துப் பார்த்துக்கொண்டு வந்தான். ஒரு மரத்தின் அடியில் சுண்ணாம்புப் பட்டை ஒன்று. பக்கத்தில் கறுப்பு மையில் 57. அடுத்த மரம் 58. அதற்கடுத்தது 59.

அவன் சீட்டில் துள்ளி உட்கார்ந்தான்.

"மேடம்! சர்வே நம்பரும் இல்ல, ஒண்ணும் இல்ல! மிளகு பறிக்கறதுக்காக மரத்துக்குப் போட்ட நம்பர் மேடம் அது! நெட்டை மரம், சுத்தி ஏறுற கொடி, வெள்ளைப் பட்டை, எல்லாம் அப்படியே இருக்கு பாருங்க! இந்தத் தோப்புக்கு ஒரு பட்டை. ரெண்டு பட்டை போட்ட தோப்பு எதுன்னு கேட்டா யாரும் சொல்லிடுவாங்க. அங்க 318ஆம் மரத்துக்குப் பக்கத்துலதான் அவரை வெச்சிருக்காங்க! எப்படி நம்ம மூளை?"

யாரும் பாராட்டவில்லை.

முரளியின் முகத்தில் இருந்த சிரிப்பு அணைந்தது. கியரைப் பிடித்திருந்த கை இறுகியது. பிரேம் பின்பக்கக் கண்ணாடியில் மேடத்தைப் பார்த்தான். அவர் கண்களை மூடியிருந்தார். மூன்று வருடத்தில் எவ்வளவோ திட்டு வாங்கியிருக்கிறான். அப்போதெல்லாம்கூட அந்த முகம் இப்படி வெளுத்து அவன் பார்த்ததில்லை.

முரளி ஹாரனை அழுத்தினான். விட்டு விட்டு அல்ல, ஒரேயடியாக. பஸ் ஒதுங்கவில்லை. நாற்பத்துமூன்றாவது வளைவில் வலப்பக்கம் நுழையப் பார்த்தான். பஸ்ஸின் பின்பகுதி சுழன்று வந்து வழியை மூடியது. ஜீப்பின் சக்கரம் தடுப்புச் சுவரை உரசியது. சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் வானம். மிகக் கீழே, தீப்பெட்டி தீப்பெட்டியாக வீடுகள்.

"அய்யோ, மெதுவாங்க!" என்று கத்தினான் பிரேம்.

முரளி டேஷ்போர்டில் இருந்த போனை எடுத்துப் பார்த்தான். சிக்னல் இல்லை. வைத்தான். அடுத்த வளைவில் மறுபடி எடுத்தான்.

"பிரேம்" என்றார் மேடம். குரல் மிக அமைதியாக இருந்தது. "மணி என்ன?"

"ஒண்ணு இருபது மேடம்."

"உன் நோட்டுல என்ன மணி?"

என்ன கேள்வி இது? நோட்டைப் புரட்டினான். வளைவுக்கு வளைவு எழுத்துகள் ஆடின. தன் கையெழுத்தைத் தானே எழுத்துக் கூட்டிப் படித்தான்.

'முரளி: பதினஞ்சு நாளைக்கு முன் வாங்கியது. தினமும் பசங்க படிக்கிறார்கள்.'

அதற்கு நாலு வரி கீழே:

'நீலப் பக்கம். 1 ஜனவரி 2016. காலை 5.20.'

அதற்கு ஒரு பக்கம் முன்னால், கோகிலா சொன்னது: ஜனவரி ஒண்ணாம் தேதி, நடுராத்திரி பன்னிரண்டிலிருந்து தானாக ஓட ஆரம்பிக்கும்.

பிரேம் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பதினைந்து நாள் ஓடியிருந்தால் கடிகாரம் ஜனவரி பதினாறைக் காட்ட வேண்டும். அதற்குள் யாராவது சரியான தேதியை வைத்துமிருப்பார்கள். இது ஜனவரி ஒன்று. ஐந்து மணி இருபது நிமிஷம். அப்படியென்றால் அந்தக் கம்ப்யூட்டர் பிறந்தே ஐந்து மணி இருபது நிமிஷம்தான் ஆகியிருந்தது. பதினொன்றேகாலிலிருந்து அதைக் கழித்தால்... இன்றைக்கு விடியற்காலை ஆறு மணிக்கு மாதேஸ்வரன் உயிரோடு இருந்தார். அவர் கையிலிருந்து பெட்டி நேராக முரளியின் கைக்குத்தான் வந்திருக்கிறது. டியூஷனும் இல்லை, பசங்களும் இல்லை.

'ரெண்டு மணிக்குள்ள கூப்பிடறேன். கூப்பிடலீன்னா சொன்ன மாதிரி முடிச்சிரு.'

இடம் வாங்குறது இல்லை. ஆளை முடிக்கிறது.

பிரேமின் கையிலிருந்த எலுமிச்சம்பழம் உருண்டு கீழே விழுந்தது.

"என்ன தம்பி, ஜோக்கெல்லாம் தீர்ந்துபோச்சா?" என்றான் முரளி. சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இ... இருக்குதுங்க. வயிறு சரியானதும் சொல்றேன்."

ஐம்பது. ஐம்பத்தைந்து. பஸ் இன்னும் மெதுவானது. நடந்து போனால் முந்திவிடலாம் போல் இருந்தது. குதித்து ஓடலாமா என்று பிரேம் யோசித்தான். மேடத்தை விட்டுவிட்டா? ஓடினாலும் எங்கே ஓடுவது, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம். அறுபது. தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் முரளி சந்தோஷமாகக் குண்டனி நாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருப்பான். இந்த ஒரு வாயால் முன்பின் பார்க்காத ஒரு மனுஷன் சாகப்போகிறான்.

அறுபத்தைந்தாவது வளைவின் பலகை தெரிந்தது.

டேஷ்போர்டில் போன் 'டிங்' என்றது. உயிர் வந்துவிட்டது.

முரளி பிரேக்கை மிதித்தான். ஜீப் குலுங்கி நின்றது. போனை எடுத்தான். 'ராசு' என்ற பெயரின் மேல் கட்டைவிரலைக் கொண்டுபோனான்.

பிரேமுக்கு அடிக்கத் தெரியாது. பிடுங்கி ஓடவும் தெரியாது. அறுபத்தைந்து வளைவுகளாக அவன் பல்லைக் கடித்து அடக்கி வைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான். அவன் முரளியின் பக்கம் திரும்பி வாயைத் திறந்தான்.

ஏழு இட்லியும் சாம்பாரும் இரண்டு கிளாஸ் தண்ணீரும், போன் மேலும் அந்த வெள்ளைச் சட்டை மேலும் போய்ச் சேர்ந்தன.

"டேய்ய்!"

போன் வழுக்கி பிரேமின் காலடியில் விழுந்தது. அவன் அதை இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டான். முரளி சீட்டுக்கு அடியில் கையை விட்டு ஜாக்கி லீவரை உருவினான். ஒன்றரை முழ இரும்பு. பிரேம் கண்ணை இறுக மூடிக்கொண்டான். தலையில் விழப்போகும் அடிக்காகக் காத்திருந்தான்.

அடி விழவில்லை.

கண்ணைத் திறந்து பார்த்தான். முரளி லீவரை ஓங்கியபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். இருபது அடி தூரத்தில் பஸ் சாலைக்குக் குறுக்கே நின்றிருந்தது. இரண்டு கதவுகளிலிருந்தும் ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள், பெண்கள், பலாப்பழம் சுமந்தவர்கள், இடுப்பில் கொடுவாள் செருகியவர்கள். யாரும் கத்தவில்லை. முப்பது பேருக்கு மேல் சத்தமில்லாமல் நடந்து வந்து ஜீப்பைச் சுற்றி நின்றுகொண்டார்கள். முன்னால் வந்தவள் கோகிலா.

"எறங்குங்க" என்றாள்.

லீவர் முரளியின் கையிலிருந்து நழுவி விழுந்தது.

அருணா மேடம் பின்கதவைத் திறந்து இறங்கி, புடவையை உதறிக்கொண்டார். "தேதியைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு பிரேம். படத்துக்கு அர்த்தம் இருக்குதான்னு வேவு பார்க்கத்தான் இவன் பெட்டியோட கடைக்கு வந்தான். இதே மாதிரி மத்த பெட்டிகளையும் விக்கணுமே. திருட்டுப் பிராசசர், எடைக்குப் போட்ட பழைய போர்டு, சேர்த்து வைக்க மாதேஸ்வரன் மாதிரி ஒரு கை. விஷயம் தெரிஞ்சு அந்தக் கை மறுத்ததும் பூட்டி வெச்சுட்டான். கடையிலேயே இவனைப் பிடிச்சிருந்தா, மேல இருக்கற கூட்டாளிகிட்ட ஒரு சத்தம் போதும், கதை முடிஞ்சிருக்கும். அதான் தப்பான இடத்தைச் சொன்னேன். சரியான இடத்தை, ரெண்டு பட்டைத் தோப்பு எதுன்னு தெரிஞ்ச கோகிலா செம்மேடு போலீஸுக்குச் சொல்லிட்டுப் பஸ் ஏறிட்டா. சிக்னல் இல்லாத வளைவுகளுக்குள்ள இவனை எவ்வளவு நேரம் வெச்சிருக்க முடியுமோ அவ்வளவு நேரம் வெச்சிருக்கணும். அவ்வளவுதான்."

"அப்ப நாம இவன் ஜீப்புல மாட்டிக்கலையா மேடம்?"

"இவன் நம்ம பஸ்ஸுக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டான்."

பஸ்ஸின் டிரைவர் சீட்டிலிருந்து இறங்கிய பெரியவர் நல்லுசாமி மீசையைத் தடவிக்கொண்டார். "கோகிலா எனக்கு மருமக மொறைங்க. எம் பொழப்புல நான் இவ்வளவு மெதுவா பஸ் ஓட்டுனதே இல்ல."

"இவங்க எல்லாரும்?" என்று கூட்டத்தைக் காட்டினான் பிரேம்.

"வளப்பூர் நாட்டுல எங்களுக்கு யாரு சொந்தமில்லைன்னு தேடுனாத்தானுங்க கஷ்டம்" என்றாள் கோகிலா. ஆனால் அவள் கண் சிரிக்கவில்லை. அவள் பிரேமின் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முரளி சாலையோரத்தில் உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தான். நான்கு கைகள் அவன் தோளை அழுத்தியிருந்தன. அவன் மெல்லச் சிரித்தான். "மணி ஒண்ணு ஐம்பதுங்க. ரெண்டுக்கு என் குரல் கேக்கலீன்னா அங்க என்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரியாது. தோப்பு ரொம்பப் பெருசு. போலீஸு மரத்தை எண்ணி முடிக்கறதுக்குள்ள பொழுது சாஞ்சிரும்."

பஸ் என்ஜினையும் நிறுத்திவிட்டார்கள். பாறையில் தண்ணீர் கசிகிற சத்தம் மட்டும் கேட்டது. கோகிலா தன் போனில் செம்மேடு போலீஸைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. மறுபடி போட்டாள். மறுபடியும் அதே.

ஒன்று ஐம்பத்துமூன்று. ஒன்று ஐம்பத்தைந்து.

பிரேமின் காலுக்கு அடியில் போன் அதிர்ந்தது.

அவன் துள்ளி விலகினான். திரையில் ஒட்டியிருந்த சாம்பார்ப் பருப்புக்கு நடுவே பெயர் தெரிந்தது. ராசு.

"எடுங்க" என்றான் முரளி. "எங்கிட்ட குடுங்க. நான் பேசினாத்தான் அந்தாளு உயிரோட இருப்பான். என்னை விட்டுடறேன்னு சொல்லுங்க, பேசறேன்."

நல்லுசாமி பதறி மேடத்தைப் பார்த்தார். கோகிலா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மேடம் குனிந்து, முந்தானையால் போனைத் துடைத்து, ஸ்பீக்கரில் போட்டார். பேசவில்லை.

அந்தப் பக்கமும் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. யாரோ தூரத்தில் ஓடுகிற சத்தம். ஒரு கதவு அடித்துச் சாத்துகிற சத்தம்.

பிறகு ஒரு குரல். கரகரத்து, தண்ணீர் குடித்து நாளான மாதிரி.

"கண்ணு... கண்ணு அங்க இருக்குதுங்களா?"

கோகிலா அப்படியே சாலையில் உட்கார்ந்துவிட்டாள். "இருக்கறேனுங்க. நாந்தானுங்க. நல்லா இருக்கறீங்களா?"

"இருக்கறேன் கண்ணு. போலீஸு வந்துருச்சு. அந்த ராசுவைப் புடிச்சு அவன் போனைத்தான் எங்கிட்டக் குடுத்திருக்காங்க. உன் போன் கெடைக்கலை, நீ முரளியை மறிக்கப் போயிருக்கறதா அவங்க சொன்னதால அவன் நம்பருக்கே போட்டேன்." மூச்சு வாங்கியது. "ஜன்னல்ல இருந்து பார்த்தா அந்த ஒரு மரந்தான் கண்ணு தெரிஞ்சுது. அதைத்தான் வரைஞ்சேன். நீ பாப்பியோ மாட்டியோன்னு பயந்துக்கிட்டே கெடந்தேன். அதைவிடப் பெரிய பயம் ஒண்ணு. கடிகாரத்தை யாராச்சும் தொட்டு மாத்திருவாங்களோன்னு. யாரும் வெக்கலையே?"

"யாரும் வெக்கலீங்க."

கோகிலா எழுந்து, ஜீப்பின் பின்சீட்டில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். அதற்குள் அந்தச் சின்ன பேட்டரியின் தயவில், இன்னும் ஜனவரி ஒன்றாம் தேதிக் காலைதான் ஓடிக்கொண்டிருக்கும்.

"நீங்க ஊட்டுக்கு வாங்க" என்றாள். "இதுக்கு மட்டும் நீங்களே நல்ல நேரம் பார்த்து வைங்க."

பிரேம் ஜீப்புக்குள் உருண்டு கிடந்த எலுமிச்சம்பழத்தைப் பொறுக்கிக்கொண்டான். இறங்கும்போதும் எழுபது வளைவு இருக்கிறதே.